பன்னிரண்டு பைட்

கோப்பு பன்னிரண்டு பைட் கூடியிருந்தது.

அபினேஷ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். 2544. கடந்த எட்டு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமை பிற்பகலிலும், கரண்ட் இருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில், பின்பக்க ரப்பர் தோட்டத்திலிருந்து புளித்த பால் வாடை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்க, முன்பக்கத் தகரத்தில் மழை அரிசி களைவதுபோல் ஓயாமல் ஒலிக்க, அவன் இந்த ஃபோல்டரைத் திறந்து இந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவிடுவான். மனைவியை இழந்த வேறொருவன் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருப்பான். எண் எப்போதும் 2532தான். இறந்தவள் எழுதிய கோப்பு வளராது.

ஷைஜா தபால் வழியில் எம்.சி.ஏ. படித்தாள். சி மொழி ஆய்வகப் பயிற்சிக்காக ஒரு சின்ன நிரல் எழுதினாள். குழந்தை அக்சா பிறந்த பிறகு அதையே தினக்குறிப்பாக மாற்றிக்கொண்டாள். ஒரு பதிவில் மூன்று விஷயங்கள்: தேதி, குழந்தையின் எடை, ஒரு வரிக் குறிப்பு. பதிவுக்குப் பன்னிரண்டு பைட். மூன்று ஆண்டுகளில் இருநூற்றுப் பதினொரு பதிவுகள். பிறகு நான்கு நாள் காய்ச்சல். அவ்வளவுதான்.

குறிப்புகள் எதுவும் கோப்பில் இல்லை என்பது அவள் போன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அவன் பாலிடெக்னிக்கில் சி ஆய்வகம் நடத்துகிறவன். ஆண்டுக்குப் பத்துப் பேராவது இந்தத் தவறைச் செய்வார்கள். தேதிக்கும் எடைக்கும் இடம் ஒதுக்கியவள் குறிப்புக்கு இடம் ஒதுக்கவில்லை. குறிப்பு நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரியை, அதாவது பாயிண்டரை, மட்டும் வைத்தாள். பதிவை அப்படியே பைனரி கோப்பில் எழுதியபோது முகவரிதான் கோப்புக்குள் போனது, குறிப்பு போகவில்லை. கணினியை அணைத்ததும் குறிப்பு அழிந்தது. 'வீட்டு நம்பரை எழுதி வைத்துக்கொண்டு வீட்டை இடித்துவிட்டீர்கள்' என்று வகுப்பில் சொல்லி இரண்டு மார்க் குறைப்பான்.

அவள் கேட்டிருந்தாள். "பழைய குறிப்பு ஒண்ணும் வரல்ல. வேற என்னமோ வருது. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." நாளைக்கு என்றான்.

இப்போது நிரலை ஓட்டினான். நீலத் திரையில் பதிவுகள் ஓடின. தேதி சரி. எடை சரி. குறிப்பு வர வேண்டிய இடத்தில் இதயங்கள், சிரிக்கும் முகங்கள், உடைந்த கோடுகள். அழிந்த முகவரியில் கிடக்கும் குப்பை. இருநூற்றுப் பதினொன்று வரை அப்படித்தான். அதற்குக் கீழே புதிதாக ஒன்று இருந்தது.

18-10-2012. 13.6.

குப்பைக்கு நடுவில், ஆங்கில எழுத்தில் அடித்த ஒரு தமிழ்ச் சொல். கனம்.

முந்தாநாள் வியாழக்கிழமை. முந்தாநாள் யாரோ இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அக்சா தரையில் குப்புறப் படுத்துக் காகிதத்தில் ஒரு மீனுக்குக் கால் வரைந்துகொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு டிஜிட்டல் எடை இயந்திரத்தில் ஏறினான். ஷைஜா செய்வது போல. 71.6. அவளை இறக்கிவிட்டுத் தனியாக ஏறினான். 58.0.

பதின்மூன்று புள்ளி ஆறு. யாரோ அவளை எடை பார்த்திருக்கிறார்கள். புள்ளிக்குப் பிந்திய எண் வரை.

பகலில் அக்சாவைப் பார்த்துக்கொள்ள ஷைஜாவின் அம்மா நேசபாய் தினமும் கருங்கலிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். அவன் கல்லூரியிலிருந்து திரும்பியதும் போய்விடுவாள். அவளுக்கு செல்ஃபோனில் பெயர் பதியவே தெரியாது. ஆனால் அவளுக்கு ஒரு மகன் உண்டு. டெல்வின். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருக்கிறான். என்ஜினீயரிங் படித்தவன்.

திங்கட்கிழமை காலை அடுக்களை வாசலில் நின்று கேட்டான்.

"மாமி, வியாழக்கிழமை டெல்வின் இங்க வந்தானா?"

நேசபாய் மரச்சீனிக் கிழங்குக்குத் தொலி உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "வந்தான். பிள்ளைக்கு ஈச்சம்பழம் கொண்டுவந்தான். ஏன் மக்களே, வரக்கூடாதா?"

"கம்ப்யூட்டரத் தொட்டானா?"

"அவன் செல்ஃபோனத் தொட்டாலே ரெண்டு மணிக்கூர் தலை நிமிர மாட்டான். நான் அடுப்புக்கிட்ட நின்னேன். யாரு எதைத் தொட்டான்னு பாத்துட்டா இருப்பேன்?" கத்தியை வைத்தாள். இப்போது நிமிர்ந்தாள். "நான் ஒண்ணு கேக்கட்டா? பிள்ளைய இடுப்புல வச்சா இருக்கதே தெரியேல்ல. ராத்திரி அவளுக்கு என்ன குடுக்குத?"

"தோசை. பால்."

"ம்." மறுபடியும் கத்தியை எடுத்தாள்.

அந்த 'ம்' அவனோடு கல்லூரி வரை வந்தது. பிள்ளையைத் தங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அடக்கம் முடிந்த அன்றே ஷைஜாவின் வீட்டார் பேசினார்கள். அவன் ஒற்றைச் சொல்லில் மறுத்தான். அக்சாவைத் தவிர அந்த வீட்டில் அவனுக்கு வேறு எதுவும் மிச்சமில்லை. இப்போது வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்பனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நிரூபித்தால் போதுமே.

செவ்வாய்க்கிழமை கீபோர்டைக் கழற்றி ஒரு துணிக்கடைப் பையில் சுற்றி மழைக்கோட்டுக்குள் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோனான். மாலை வந்து திரும்ப மாட்டினான்.

2556.

கடைசியாகச் சேமித்த நேரம் பிற்பகல் 2:10. எடை 13.1. குறிப்பில் குப்பை குறைந்திருந்தது. *கனம். தூக்க முடியவில்லை.*

"மாமி, மதியம் கரண்ட் எப்ப வந்தது?"

"பன்னெண்டுக்குப் போச்சு. மூணரைக்கு வந்தது. மிக்சியில பாதி அரைச்ச தேங்காய் அப்படியே கெடந்து புளிச்சுப் போச்சு."

யு.பி.எஸ். பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகிறது; 2:10க்குக் கணினி ஓடியிருக்க முடியாது.

கணினியின் கடிகாரத்தை மாற்றிவைக்கலாம். வேறு கீபோர்டைக் கொண்டுவரலாம். இரண்டையும் டெல்வினால் செய்ய முடியும். புதன்கிழமை வேலை முடிந்ததும் கருங்கல் சந்தைக்குப் பக்கத்துச் சாயாக்கடையில் அவனைப் பிடித்துக் கோப்பைப் பற்றிக் கேட்டான். டெல்வின் பழம்பொரியைப் பிட்டுக்கொண்டே சிரித்தான்.

"அத்தான், நான் சி பேப்பர மூணு தடவ எழுதிப் பாஸானவனாக்கும். பாயிண்டர்னு கேட்டா இப்பமும் ஓடிருவேன். நானா வந்து உங்களுக்க கோப்பத் திருத்துதேன்?"

"பிள்ளைய எடை பாத்தியா?"

"மீனா அவ, தூக்கிப் பாத்து வெலை பேச?" சிரிப்பு அங்கேயே நின்றது. சாயா கிளாசை மெதுவாக வைத்தான். "அம்மா சொன்னா. பிள்ளைக்குக் கனமே இல்லன்னு. அத்தான், கேக்கேன்னு நெனைக்காதிய. அவளுக்கு வயித்துக்குக் குடுக்குதியளா?"

அபினேஷ் அவன் கண்களையே பார்த்தான். நடிக்கிறானா என்று பார்த்தான்.

வியாழக்கிழமை அவன் லீவு போட்டான். கணினி முன்னால் உட்கார்ந்தான். ஜன்னலைத் தாழிட்டான். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. கறுத்த திரையில் அவன் முகமும் அவனுக்குப் பின்னால் திறந்த கதவும் தெரிந்தன. கதவுக்கு அப்பால் ஹாலில் அக்சா தன் பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள், வாயைத் தொற, இன்னும் தொற, ஏட்டி முழுங்கு என்று, நேசபாயின் குரலிலேயே. நேசபாய் பின்பக்கம் துணி எடுக்கப் போயிருந்தாள். மழை நின்று இலைகளிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தின் முள் இரண்டைத் தாண்டி மெல்ல நகர்ந்தது.

பேச்சு நின்றது. வாக்கியத்தின் பாதியில்.

திரும்பினான். அக்சா ஹாலின் நடுவில் நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் மேலே நீட்டி, முகத்தை உயர்த்தி, தூக்கச் சொல்லும் குழந்தை நிற்பதுபோல. அவள் முன்னால் யாரும் இல்லை. அவளுடைய குதிகால்கள் தரையில் இல்லை.

நுனிவிரலில் நிற்கிறாள் என்று நினைத்தான். விரல்களைப் பார்த்தான். அவை சிமெண்டைத் தொட்டும் தொடாமலும் தொங்கின.

பிறகு அவள் இறங்கினாள். சத்தமே இல்லை.

"என்ன செய்த?"

"ஒண்ணுமில்ல," என்று பொம்மையை எடுத்தாள்.

கரண்ட் வந்தது. நான்கு மணி. 2568. எடை 9.4. *குதிகால் எழும்பியது.*

அன்று மாலை நேசபாய் போன பிறகு கோப்பின் பைட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான். ஷைஜாவின் பதிவுகளில் முகவரிகள் பலவிதம். புதிய மூன்றிலும் ஒரே முகவரி. ஐந்து வரியில் தனியாக ஒரு நிரல் எழுதினான். அது எதையும் நினைவகத்தில் வைக்காது. அந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று மட்டும் காட்டும். கணினியை அணைத்து, பத்து நிமிடம் காத்திருந்து, மறுபடியும் போட்டு ஓட்டினான். காலி வர வேண்டும். குப்பை வந்தாலும் சரி.

*இன்னும் கொஞ்சம் குறையட்டும்.*

டெல்வின் இல்லை. யாரும் உள்ளே வரவில்லை. அவன் கதவைச் சந்தேகித்துக்கொண்டிருந்தான். கதவே தேவைப்படாத ஒன்று உள்ளேயே இருந்தது.

ஷைஜாவா? அதையும் அவன் நம்பவில்லை. ஷைஜா குறிப்பு அடிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பாள். எனக்க அக்சா இன்னைக்குத் தவழ்ந்தா. எனக்க அக்சாவுக்குப் பல்லு. பெயர் இல்லாமல் ஒரு வரி அடித்ததில்லை. இதில் எங்கேயும் பெயர் இல்லை. எடைதான் இருந்தது.

வேற என்னமோ வருது என்று அவள் சொன்னது எப்போது? இரண்டு வருடம் முன்பா? மூன்றா?

வெள்ளிக்கிழமை 6.0. டாக்டரிடம் கொண்டுபோனான். அவர் தன் எடை இயந்திரத்தைத் தட்டினார், அக்சாவின் கொழுத்த கன்னத்தைக் கிள்ளினார், மிஷின் சரியில்லை என்றார். அவள் மெலியவில்லை. அதுதான் விஷயம். அதே கன்னம், அதே தொடை, இறுக்கமான அதே கவுன். ஒரு குழல் புட்டும் இரண்டு பழமும் தின்றாள். ஆனால் அவள் ஓடினால் தரை கேட்கவில்லை. அவள் ஏறினால் கட்டில் முனகவில்லை. தலையணையில் அவள் தலை வைத்த இடம் குழியவில்லை.

சனிக்கிழமை 3.2.

நேசபாய் குளிப்பாட்டத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் குழந்தை அவள் தோளுக்கு மேலே போனது. அப்படியே கீழே விட்டாள். அக்சா மெதுவாக வந்து இறங்கினாள். சிரித்தாள்.

நேசபாய் சிரிக்கவில்லை. அவனிடம் வந்தாள்.

"பிள்ளைக்கு என்ன செய்த?"

"மாமி, நான்..."

"எனக்க மோளு செத்தப்பமும் நீ இப்படித்தான் நின்ன. ஒண்ணும் பேசாம. மரம் மாதிரி. அப்பமே எனக்கு மனசுல ஒண்ணு குத்திச்சு." கண்ணைத் துடைத்தாள். "நாளைக்குக் கோயில் ஆராதனை முடிஞ்சு சாயங்காலம் ஆறு மணிக்கு நானும் டெல்வினும் வருவோம். பிள்ளையக் கொண்டுபோவோம். தடுத்தியானா போலீசுக்குப் போவேன், பாத்துக்க."

கொண்டுபோகட்டும் என்று ஒரு கணம் நினைத்தான். கோப்பு இங்கே. குழந்தை அங்கே. பிறகு நினைத்தான்: கருங்கலில் அவள் எடை குறைந்தால் யார் பிடித்துக்கொள்வார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை. மழை. படுக்கையறையில் கணினி, கட்டில், மின்விசிறி, ஒரு கதவு. இருநூற்றுப் பதினேழாவது பதிவு வந்திருந்தது. 2.0. குறிப்பு: *போதும்.*

விசிறியை அணைத்தான். குழல்விளக்கையும் அணைத்தான், மின்னழுத்தம் குறைந்து அது துடித்துக்கொண்டிருந்தது. அக்சாவைக் கட்டிலில் படுக்கவைத்து, கனமான கம்பளியை அவள் மேல் போர்த்தி, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகினான். அவள் பாதி உறக்கத்தில் இருந்தாள்.

கோப்பை அழிக்க அவன் துணியவில்லை. எண் குறைந்தபோது குழந்தை குறைந்தாள். எண்ணை ஏற்றினால்? கடைசிப் பதிவில் 13.6. அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை.

நிரலை எழுதினான். கை வேகமாக ஓடியது. எல்லாப் பதிவுகளையும் நினைவகத்துக்கு எடு. கடைசி எடையை மாற்று. கோப்பை எழுதுவதற்காகத் திற. எல்லாவற்றையும் திரும்ப எழுது.

மாணவர்களிடம் அவன் ஆண்டுதோறும் சொல்கிற ஒன்று உண்டு. மூலக் கோப்பின் மேல் எழுதாதே. புதிய கோப்பில் எழுதி, சரிபார்த்து, பிறகு பெயரை மாற்று. ஏனென்றால் எழுதுவதற்காகத் திறந்த அந்த நொடியிலேயே பழைய கோப்பு காலியாகிவிடும். முதல் பைட்டை எழுதுவதற்கு முன்பே.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. ஆறாகவில்லை. சீக்கிரமே வந்துவிட்டார்கள். கேட் கிறீச்சிட்டது.

புதிய கோப்புக்கு நேரம் இல்லை. நிரலை ஓட்டினான். தன் பழக்கப்படி ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி காட்டும்படி வைத்திருந்தான். எடுத்தாயிற்று: 217. மாற்றியாயிற்று: 13.6. திறந்தாயிற்று.

கரண்ட் போனது.

திரை ஒரு புள்ளியாகச் சுருங்கியது. அணைந்தது.

அவன் அசையவில்லை. கோப்பு காலி. எழுத வேண்டியது நினைவகத்தில் இருந்தது. நினைவகம் இப்போது இல்லை. எடை இல்லை. தேதி இல்லை. ஒரு பதிவும் இல்லை.

பின்னால் கம்பளி சரிந்து தரையில் விழுந்தது.

"அக்சா."

"ம்."

குரல் கட்டிலிலிருந்து வரவில்லை.

"அக்சா, எங்க இருக்க?"

"அப்பா, பாரு. தூக்கியாச்சு."

மேலே.

கட்டிலில் ஏறினான். இருட்டில் கையை உயர்த்தித் துழாவினான். முதலில் விசிறியின் இறக்கை தட்டுப்பட்டது. தூசி. பிறகு ஒரு குளிர்ந்த கால்விரல். கணுக்கால். கவுனின் விளிம்பு. இன்னொரு இறக்கை, அவள் கழுத்துக்கு ஒட்டி.

கணுக்காலைப் பிடித்து இழுத்தான்.

வரவில்லை.

கனமே இல்லாத குழந்தை. இரண்டு கையாலும் இழுத்தான். வரவில்லை. மேலே இன்னொரு பிடி இருந்தது. அவன் இழுத்தால் அதுவும் இழுத்தது.

"அப்பா, வலிக்கி."

ஹாலில் காலடிகள். நேசபாயின் குரல். "அபினேஷே? ஏன் இருட்டா இருக்கு?" கதவருகே வந்தாள். கையால் சுவரைத் தடவினாள். கரண்ட் போன வீட்டில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: சுவிட்ச் போர்டில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். அவன் அணைத்து வைத்த சுவிட்சுகளை.

டக்.

"மாமி, தொடாதிய."

"ஏன்?" டக். "இருட்டுல எனக்க பிள்ளைய எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"மாமி, அதத் தொடாதிய! அவ மேல..."

"எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம். பிள்ள எங்க? அக்சா! ஏட்டி!"

"பாட்டி," என்றது விசிறியிலிருந்து குழந்தையின் குரல்.

விடமுடியாது. விட்டால் அது முழுதாக எடுத்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டு கதவுக்குப் போகமுடியாது. மூன்றடி. நான்கடி. கணுக்கால் அவன் உள்ளங்கையில் வியர்த்து வழுக்கியது. எந்த சுவிட்ச் இப்போது மேலே, எது கீழே? அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

டக். டக்.

அடுத்த வீட்டில், சுவிட்சை அணைக்காமல் விட்டிருந்த கிரைண்டர் கடகடவென்று ஓடத் தொடங்கியது.